அச்சண்ணையின் கல்வெட்டும் ஒரு பழைய அச்சுப்பொறியும்

பத்திரிகைத் தொழிலில் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தைக் கழித்த ஒருவன், ஒரு நூலைத் தன் கையாலேயே முதன்முறையாக அச்சிட்டது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அதுவே உண்மை. நான் எழுதியிருக்கிறேன், ஒப்புநோக்கியிருக்கிறேன், பக்கங்களை வடிவமைத்திருக்கிறேன். நள்ளிரவில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லித் தலைப்பை மாற்றியும் இருக்கிறேன். அச்சிடுவது மட்டும் எப்போதும் வேறொருவருடைய வேலையாகவே இருந்து வந்தது.

நூல் என்று சொன்னது சற்று மிகை. இருபத்துநான்கு பக்கங்களைக் கொண்ட ஒரு கல்வெட்டு. தமிழ்நாட்டு வாசகர்கள் கல்வெட்டு என்றதும் தஞ்சைப் பெரிய கோவிலின் சுவர்களை நினைக்கக்கூடும். ஈழத்தவருக்கு அது வேறு. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது வந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் சிறு புத்தகத்தையே நாங்கள் கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவார திருவாசகங்கள், மனைவி மக்கள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். பெரும் செல்வந்தருக்கும் உண்டு, கூலித் தொழிலாளிக்கும் உண்டு. பக்க எண்ணிக்கையும் தாளின் தரமுமே வேறுபடும்.

நான் அச்சிட்டது எங்கள் அச்சண்ணையின் கல்வெட்டை.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். 1974இல் நான் ஒப்புநோக்காளனாக ஒரு நாளிதழில் சேர்ந்தபோது அவர் அங்கே அச்சுக்கோப்பாளராக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்களைக் கையெழுத்துப் பிரதியில் வைத்துக்கொண்டே, எழுத்துப் பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துக்களைக் கை தானாகப் பொறுக்கியெடுக்கும். ஆசிரியபீடத்தில் எவருடைய கையெழுத்து மோசம், எவருக்குச் சந்தி வராது, எவர் பிறருடையதைத் திருடி எழுதுகிறார் என்பதெல்லாம் எங்கள் ஆசிரியரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். சொல்ல மாட்டார், சிரிப்பார்.

பின்னர் கணினி வந்தது, ஈயம் போனது. எண்பதுகளின் கடைசியில் பத்திரிகையை விட்டு விலகிய அவர், கொழும்பில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். திருமண அழைப்பிதழ், கடைப் பற்றுச்சீட்டு, எல்லாவற்றிலும் அதிகமாகக் கல்வெட்டு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதியில் இறந்துபோன எத்தனையோ பேருடைய கல்வெட்டுகள் அவருடைய கையால் கோக்கப்பட்டவை.

அவர் 2022 மார்ச் 6ஆம் திகதி காலமானார். அந்தியேட்டி ஏப்ரல் 5ஆம் திகதி. இடைப்பட்ட அந்த முப்பது நாட்களில் இலங்கை இருந்த நிலைமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்நியச் செலாவணி இல்லை. ஆகவே எரிபொருள் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை. தாளும் இல்லை. அச்சிடத் தாள் கிடைக்காமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மார்ச் மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் ஒன்றும் சிங்களத்தில் ஒன்றுமாக இரண்டு நாளிதழ்கள் தங்கள் சனிக்கிழமைப் பதிப்புகளை நிறுத்திக்கொண்டன. மார்ச் 31ஆம் திகதி நாடெங்கும் 13 மணி நேர மின்வெட்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சான யாழ்ப்பாணப் பத்திரிகைகளைப் பார்த்தவன் நான். ஆனால் கொழும்பில் அப்படியொரு நிலைமையைப் பார்ப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

மூன்று அச்சகங்களுக்குப் போனேன். ஒருவர் கதவையே திறக்கவில்லை. இன்னொருவர் தாள் நாங்கள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் சொன்ன தொகையை நான் அக்காவிடம், அதாவது அச்சண்ணையின் மனைவியிடம், சொல்லவே இல்லை. அவரோ என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி. ஊரிலை செத்த எல்லாருக்கும் அவர் கோத்துக் குடுத்தார். அவருக்கு இல்லையெண்டா இல்லை. என்ன செய்யிறது?"

அவர் குறைபட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொற்கள் என்னை அரித்துக்கொண்டே வந்தன. அதற்கு எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

என் வீட்டில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. 2004இல் வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர் அச்சுப்பொறி. எட்டு வருடங்களாகப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. பழுதாகவில்லை. பழைய மேசைக்கணினி செத்து 64 பிட் விண்டோஸ் கொண்ட மடிக்கணினி வந்தபோது, அதற்கான இயக்கியை, அதாவது கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே பேச்சுவார்த்தை நடத்தும் மென்பொருளை, தயாரித்த நிறுவனம் எழுதவில்லை. விசாரித்தபோது புதியதொன்றை வாங்குமாறு அறிவுரை கிடைத்தது. இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அதனுடன் பேச ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பொடியன் வந்தான். பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பவன். விரிவுரைகள் நின்றுபோயிருந்தன.

"அங்கிள், உது லினக்ஸிலை வேலை செய்யும். நான் பந்தயம் பிடிக்கிறன்."

நான் நம்பவில்லை. செய்த நிறுவனமே கைவிட்டதை வேறு யார் தாங்குவார்கள்? அவன் தன்னுடைய பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தான். அதில் டெபியன் என்னும் லினக்ஸ் வகை இருந்தது. வலை உலாவியைத் திறந்து, அதே கணினியின் 631ஆம் இலக்க வாயிலைத் தட்டினான். ஒரு பக்கம் திறந்தது. கப்ஸ் என்று தலைப்பிட்டிருந்தது.

அச்சகத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பழைய அச்சகங்களில் போர்மன் என்று ஒருவர் இருப்பார். எவர் எந்த வேலையைக் கொண்டுவந்தாலும் அவரிடமே கொடுக்கவேண்டும். அவர் வரிசையில் போடுவார், எது முந்தியது எது பிந்தியது என்று தீர்மானிப்பார், கோப்பாளருக்கும் இயந்திரக்காரருக்கும் பகிர்ந்தளிப்பார், தடங்கல் நேர்ந்தால் நிறுத்துவார். கப்ஸ் அத்தகைய போர்மன். பொது யுனிக்ஸ் அச்சிடல் முறைமை என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் சேர்ந்தே அந்தப் பெயர் வந்தது. மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கர் 1997இல் இதை எழுதத் தொடங்கினார். 1999இல் வெளிவந்தது. 2002இல் அப்பிள் நிறுவனம் தன் மக் கணினிகளின் இயங்குதளத்தில் இதைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்து, மூல நிரலின் உரிமையையும் வாங்கியது. அவர் 2019இல் அங்கிருந்து விலகி, பிறகு ஓபன்பிரின்டிங் என்ற குழுவோடு சேர்ந்து அதே வேலையைத் தொடர்கிறார். உரிமை கைமாறியபோதும் மூல நிரல் திறந்தே இருந்தது. ஆகவே மக் வைத்திருக்கும் வாசகர்கள் தாங்கள் அறியாமலே இந்தப் போர்மனிடம்தான் பல்லாண்டுகளாக வேலை கொடுத்து வருகிறார்கள்.

நிற்க. போர்மன் மட்டும் போதாது. எங்கள் அச்சுப்பொறி மலிவானது. மலிவானவற்றுக்குச் சொந்த மூளை கிடையாது. எழுத்து, கோடு, படம் என்று எதுவும் அதற்குத் தெரியாது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஒரு ஏ4 பக்கத்தில் ஏறத்தாழ 35 மில்லியன் புள்ளிகள். அவற்றில் எது கறுப்பு, எது வெள்ளை என்று கணினியே கணக்கிட்டு அனுப்பவேண்டும். ஆவணத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மற்றொரு திறந்த மூல மென்பொருள் செய்கிறது. அந்தப் புள்ளிகளை இந்த இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும் பாஷையில் சுருக்கிக் கொடுக்க ஓர் இயக்கி வேண்டும். அதை ரிக் ரிச்சர்ட்சன் என்பவர் எழுதி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக விட்டிருந்தார். தயாரித்தவர்கள் எழுதாததை எங்கோ இருந்த ஒரு தனிமனிதர் எழுதி வைத்திருக்கிறார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

திறந்த மூல இயக்கத்தின் கதையே ஓர் அச்சுப்பொறியில்தான் ஆரம்பிக்கிறது என்று பொடியன் சொன்னான். பின்னர் நானும் தேடி வாசித்தேன். 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், தாள் சிக்கினால் உரியவருக்குத் தகவல் அனுப்பும்படி பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த லேசர் அச்சுப்பொறிக்கும் அவ்வாறே செய்ய முயன்றபோது மூல நிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரோ, வெளியிடுவதில்லை என்று கையொப்பமிட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்த மறுப்பை ஸ்டோல்மன் மறக்கவில்லை. தாள் சிக்கிய கோபம் என்றால் என்னவென்று அச்சகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் தடங்கல் உடனேயே வந்தது. அச்சுப்பொறியைப் பட்டியலில் சேர்த்தோம், சோதனைப் பக்கத்தை அனுப்பினோம். கப்ஸ் முடிந்துவிட்டது என்றது. இயந்திரம் அசையவில்லை. விசித்திரமான காரணம். இந்த இயந்திரம் மின்சாரம் கிடைத்து எழும்பும் ஒவ்வொரு முறையும் தன்னுடைய அடிப்படை நிரலையே மறந்துவிடும். அதைக் கணினி ஒவ்வொரு தடவையும் திரும்ப ஊட்டவேண்டும். விண்டோஸ் காலத்தில் அது நாங்கள் அறியாமலே நடந்திருக்கிறது. அந்தச் சிறு நிரல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே டெபியன் அதைத் தன்னோடு கொடுப்பதில்லை. பொடியன் கைத்தொலைபேசியின் இணையத்தில் எங்கிருந்தோ தேடி எடுத்தான். உரிய இடத்தில் வைத்துவிட்டு அச்சுப்பொறியை அணைத்துப் போட்டான். உள்ளே சில்லுகள் உருளும் சத்தம் கேட்டது. எட்டு வருடங்களுக்குப் பிறகு கேட்ட சத்தம். சோதனைப் பக்கம் சூடாக வெளியே வந்தது. பழைய டோனரைக் கழற்றி இரண்டு முறை குலுக்கிப் போட்டிருந்தோம். எழுத்துக்கள் நல்ல கறுப்பாகவே இருந்தன.

அன்றிரவு நான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், கல்வெட்டு வரும் என்று. ஐம்பது பிரதிகள்.

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று மறுநாள் விளங்கியது. வாழ்க்கை வரலாற்றையும் வம்சாவளியையும் ரொறன்ரோவில் இருக்கும் மகள் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். பாமினி எழுத்துருவில். புலம்பெயர்ந்தோரில் பலர் இன்னும் பாமினியை விடவில்லை. பாமினியில் கணினி சேமிப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில எழுத்துக்களையும் குறியீடுகளையும். அவற்றின் மேல் தமிழ் முகமூடி ஒன்றைப் போட்டுவிடுவதே அந்த எழுத்துருவின் வேலை. முகமூடி இல்லாத பொடியனுடைய கணினியில் திறந்தபோது அச்சண்ணையின் வாழ்க்கை முழுவதும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகக் கிடந்தது. மாற்றியொன்றைக் கொண்டு யுனிக்கோட்டுக்கு மாற்றினோம். பெரும்பாலும் சரியாக வந்தது. ஔகார எழுத்துக்கள் மட்டும் ஏமாற்றின. கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியே வந்திருந்தன. அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கணினியில் தேடினால்தான் அகப்படாது. ஈய எழுத்துக் கோத்த அச்சண்ணைக்கு இந்தக் கவலையே இருந்திருக்காது, ளகரம் ளகரம்தான்.

அடுத்து நான் செய்தது ஒரு முட்டாள்தனம். எல்லாவற்றையும் வெறும் உரைக் கோப்பாகச் சேமித்து, எல்பி என்ற ஈரெழுத்துக் கட்டளையால் நேராகக் கப்ஸுக்கு அனுப்பினேன். எளிமையானதுதானே என்று நினைத்தேன். வந்த தாளைப் பார்த்ததும் எனக்கு 1974ஆம் ஆண்டு நினைவு வந்தது. கொம்புகள் ஓரிடம், எழுத்துக்கள் வேறிடம், விசிறிகள் ஒன்றன்மேல் ஒன்று. கொ என்ற எழுத்தைக் கணினி ஒலி முறைப்படி ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகச் சேமிக்கிறது. அச்சில் வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் போய் நிற்கவேண்டும். இந்த வேலையை முன்பு கோப்பாளரின் கை செய்தது. இன்று அதைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் போன்ற தனி மென்பொருள்கள் இருக்கின்றன. அந்தக் கணினியில் வெறும் உரையை அச்சிட்ட கப்ஸின் வடிகட்டியோ ஆங்கில எழுத்துக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத் தெரிந்த பழைய வகை. அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தமிழருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வெறும் உரையை நேரே அனுப்பாதீர்கள். லிப்ரே ஓஃபிஸில் அமைத்துப் பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் எழுத்தின் அமைப்பும் கோப்பின் உள்ளேயே உறைந்துவிடும். பிறகு எந்தப் போர்மனாலும் அதைக் குலைக்க முடியாது.

பக்கங்களை அமைத்து முடித்து, புத்தகமாக மடிக்கும் வரிசைக்கு வந்தபோது பொடியன் திகைத்தான். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கங்கள். இருபத்துநான்கு பக்கங்களுக்கு ஆறு தாள்கள். முதலாம் தாளில் 1ஆம் பக்கத்துக்கு அருகில் 2ஆம் பக்கம் வராதே, எது வரும் என்று அவன் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உடனே சொன்னேன்: "24. அதுக்குப் பின்பக்கம் 2உம் 23உம்." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக என்னை மதித்துப் பார்த்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அது அச்சண்ணை சொல்லித் தந்தது. பக்கங்களை முடுக்கும் கல்மேசையில் கையை ஊன்றிக்கொண்டு ஒருநாள் சொன்னார். "தம்பி, பக்கத்திலை பக்கத்திலை இருக்கிற ரெண்டு இலக்கத்தையும் கூட்டிப் பார். மொத்தப் பக்கத்திலும் பாக்க ஒண்டு கூட வரும். வராட்டி எங்கையோ பிழை." 24 பக்கம் என்றால் எப்போதும் 25. லிப்ரே ஓஃபிஸில் கையேடு என்ற ஒரு தெரிவு இருக்கிறது. அதைச் சொடுக்கினால் மென்பொருளே இந்த அடுக்கைச் செய்துவிடுகிறது. நான் ஒவ்வொரு தாளாகக் கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 25 வந்தது.

தாள்? அதுதான் பெரிய பாடு. பிரதிக்கு ஆறு தாள் வீதம் 300 தாள்கள். கெட்டுப்போவதற்கு இன்னும் ஐம்பது. என்னிடம் அரைக்கட்டுத்தான் இருந்தது. மீதியை மாடிக் குடியிருப்பின் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சேர்த்தோம். ஒரு சட்டத்தரணி நாற்பது தந்தார். ஓர் ஆசிரியை இருபது தாள் தந்து, பரீட்சைதான் இல்லையே என்றார். ஆகவே எங்கள் கல்வெட்டின் வெண்மை பக்கத்துக்குப் பக்கம் மாறுபடும்.

ஏப்ரல் 1ஆம் திகதி அச்சிடத் தொடங்கினோம். எங்கள் அச்சுப்பொறிக்கு இருபுறமும் தானாக அச்சிடத் தெரியாது. முதலில் ஒற்றைப்படை முகங்கள், பிறகு தாள்களைத் திருப்பி வைத்து இரட்டைப்படை முகங்கள். கப்ஸில் அதற்குத் தெரிவு உண்டு. எந்தப் பக்கம் மேலே, எந்த முனை உள்ளே என்று கண்டுபிடிப்பதற்குள் எட்டுத் தாள்கள் வீண். பிறகு தாளின் மூலையில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்தோம்.

ஐம்பது பிரதிகளையும் ஒரே வேலையாக அனுப்பினோம். பதினெட்டாவது வந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போனது. மடிக்கணினிக்கு மின்கலம் இருந்தது, அச்சுப்பொறிக்கு இல்லை. அரைத்தாள் உள்ளே சிக்கி நின்றது. மின்சாரம் வந்தபின் பார்த்தால் வரிசை நிறுத்தப்பட்டது என்று கப்ஸ் அறிவித்தது. மீண்டும் இயக்கினோம். அது மிக நாணயமான போர்மன். பாதியில் விட்ட வேலையை 1ஆம் பிரதியிலிருந்தே திரும்பத் தொடங்கியது. நான் பாய்ந்து தாளை இழுத்தேன். அதன்பின் இரண்டு காரியங்கள் செய்தோம். ஐம்பதை ஐந்து பத்துகளாகப் பிரித்து அனுப்பினோம். பிழை நேர்ந்தால் வரிசையை நிறுத்துவதா, அந்த வேலையைக் கைவிடுவதா, மறுபடி முயல்வதா என்று கப்ஸிடம் சொல்லிவைக்கலாம். மறுபடி முயல் என்று மாற்றினோம்.

மறுநாள் சனிக்கிழமை மாலை 6 மணி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஞாயிறன்று சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. வெளியே ஒரு வாகனச் சத்தம் இல்லை. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் இடையே ஊரடங்கு கிடையாது என்பதால் பொடியன் வந்துவிட்டான். 600 முகங்கள். இடையிடையே இயந்திரம் சூடேறி ஓய்வெடுத்தது. நாங்கள் தேநீர் குடித்தோம், பால்மா இல்லாத வெறுந்தேநீர். ஞாயிறு பின்னேரம் ஆறு அடுக்குகளும் மேசையில் இருந்தன. நீளக் கம்பி அடிக்கும் கருவி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை ஊரடங்கு நீங்கியதும் தாள்களை அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் தலையணைக்குப் போடும் தடித்த நூலால், மடிப்பில் மூன்று துளையிட்டு, ஐம்பதையும் தைத்தார். பழைய காலப் புத்தகம் போல இருந்தது.

இனி, நான் பின்னர் சொல்வதாகக் கூறிய காரணம்.

1979இல் ஒருநாள் எங்கள் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தல் ஒன்றில், இறந்தவரின் பெயரும் அறிவித்தவரின் பெயரும் இடம் மாறி அச்சாகிவிட்டன. உயிரோடு இருந்த மகன் காலையில் தன் மரணத்தைத் தானே வாசித்தார். பெரும் அமளி. ஒப்புநோக்கியவன் நான். நித்திரைக் கலக்கத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை உறுதிப்படுத்தப்படாத காலம், போயிருக்கும். விசாரணையில் அச்சண்ணை எழுந்து, "தம்பி பாத்துத் தந்தது சரி ஐயா. திருத்தம் போடேக்கை என்ரை கையிலைதான் வரி மாறினது" என்றார். மூன்று நாள் சம்பளம் வெட்டினார்கள். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்பத்துமூன்று வருடங்கள்.

அதைத்தான் கல்வெட்டின் 17ஆம் பக்கத்தில் எழுதினேன். நினைவுரை என்ற தலைப்பில் ஒன்றரைப் பக்கம். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் அதிக நேரம் எடுத்த ஒன்றரைப் பக்கம் அது.

அந்தியேட்டியன்று பலர் வந்திருந்தார்கள். எரிபொருள் இல்லாத நாட்களில் நடந்தும் துவிச்சக்கர வண்டியிலும் வந்தவர்கள். பழைய அச்சுத் தொழிலாளர் ஒருவர் கல்வெட்டைக் கையில் வாங்கியதும் வாசிக்கவில்லை. முதலில் மடிப்பைப் பார்த்தார், பிறகு இரு பக்கங்களின் மேல் விளிம்பும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கை அடிச்சது?" என்று கேட்டார். வீட்டில் என்றேன். நம்பவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் அக்கா கதிரையில் இருந்து ஆறுதலாக வாசித்தார். 17ஆம் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எனக்குத் தெரியும் தம்பி. அண்டைக்கே வந்து சொன்னவர்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா இலக்கம் மாறிக் கிடக்கு. 1997 எண்டு போட்டிருக்கிறியள். 97இலை அவர் பத்திரிகையிலையே இல்லையே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 1997 என்றுதான் இருந்தது. மூன்று முறை ஒப்புநோக்கியிருந்தேன்.

முப்பத்தொரு பிரதிகள் போய்விட்டன. பத்தொன்பது மிச்சம். 17ஆம் பக்கம் 8ஆம் பக்கத்தோடு நாலாம் தாளில் இருக்கிறது, அதன் பின்பக்கம் 7உம் 18உம். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தத் தாளை மட்டும் பத்தொன்பது பிரதிகள் மறுபடி அச்சிட்டேன். பொடியனைக் கூப்பிடவில்லை, நானே செய்தேன். மறுநாள் அக்கா நூலைப் பிரித்து, தாளை மாற்றி, திரும்பத் தைத்தார்.

அந்த அச்சுப்பொறி இன்னும் வேலை செய்கிறது. 2024 செப்டெம்பரில் கப்ஸ் சார்ந்த மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோது, வலையமைப்பில் அச்சுப்பொறிகளைத் தேடும் பகுதியை நிறுத்திவைக்கும்படி பொடியன் தொலைபேசியில் சொன்னான். ஒற்றை வடத்தில் தொங்கும் எங்களுக்கு அது தேவையும் இல்லை. கப்ஸின் அடுத்த பெரும் பதிப்பில் பழைய வகை இயக்கிகளுக்கு நேரடி இடமில்லை என்றும் அறிவித்திருக்கிறார்கள். புதிய அச்சுப்பொறிகள் இயக்கியே இல்லாமல் பேசிக்கொள்கின்றன. பழையவற்றுக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து ஓட்டலாமாம். அது வரும்போது பார்த்துக்கொள்வோம்.

என் மேசையில் உள்ள கல்வெட்டு 1997 என்று அச்சான பிரதி.